செல்வகனியின் வலது கை

ஐம்பது பேர் ஒரே நேரத்தில் நூலைப் பல்லால் கடித்தார்கள்.

மேஜைக்கு மேஜை கத்தரிக்கோல் இருந்தது. பயிற்சி நிலையம் வாங்கிப் போட்ட நல்ல கத்தரிக்கோல்கள். ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை, ஒன்றைக்கூட யாரும் எடுக்கவுமில்லை. புத்தகத்தைத் தைத்து முடித்ததும் ஐம்பது வலது கைகளும் தாமாகவே எழுந்து, நூலை வாயோரம் கொண்டுபோய் நிறுத்தின. கை அங்கே வந்து காத்துக்கொண்டிருந்தால் வாய் என்ன செய்யும்? கடித்தது. பந்தியில் எல்லோரும் ஒரே சமயத்தில் அப்பளத்தை நொறுக்கியது போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்வகனி கண்ணை மூடிக்கொண்டாள். நூலைக் கடிப்பது அவளுடைய பழக்கம். எட்டு வருடத்துக்கு முன் அவள் கையைப் பதிவு செய்ய வந்தவர்கள், வாயைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்களுக்குக் கை மட்டும் போதும். கையோ, வாய் இல்லாமல் இருக்கத் தெரியாத கை. இன்று ஊர் ஊராக முந்நூறு பேருக்கு மேல் அந்தக் கையோடு நடமாடினார்கள். தான் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போதே முந்நூறு இடத்தில் தன் கை வேலை பார்க்கிறது என்ற நினைப்பு, அவளுக்குச் சில நாள் உண்மையாகவே தோள்பட்டையில் வலித்தது.

"அக்கா, ஒரு சந்தேகம்."

கடைசி மேஜையிலிருந்து கோமு எழுந்து வந்தாள். முன்பு ஒரு கம்பெனியில், போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். பதிலை இயந்திரமே சொல்லத் தொடங்கிய பிறகு இங்கே வந்து சேர்ந்தாள்.

"இதை எதுக்குக்கா மனுசன் உக்காந்து தைக்கணும்? மிஷின்ல தைச்சா ஆகாதா?"

"மிஷின்ல தைச்சா இன்னொரு மிஷின் அதைப் பிரிச்சு, நடுவுல ரெண்டு பக்கத்த மாத்தி, அதே மாதிரி தைச்சு வச்சிரும். கம்ப்யூட்டர்ல இருக்கதை இப்ப யாரு வேணாலும் மாத்துறாங்கல்ல, அது மாதிரி. மனுசக் கை அப்படி இல்ல. நான் நூலை இழுக்கிற மாதிரி நீ இழுக்க மாட்ட. ஒருத்தர் தைச்சதை இன்னொருத்தர் பிரிச்சுத் தைச்சா, நோக்குபெட்டிக்குள்ள வச்சதும் வேற கைன்னு காட்டிரும். அதனாலதான் பத்திரம், வாக்குமூலம் எல்லாம் கையால தைச்ச புத்தகத்துல இருந்தாத்தான் கோர்ட்டுல செல்லும்னு வச்சிருக்காங்க."

கோமு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆனா எங்க எல்லாருக்கும் உங்க கைதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப நீங்க தைச்சதை நான் பிரிச்சுத் தைச்சா?"

ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்கள். மேலே இருப்பவர்கள் மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. "போய் உக்காரு தாயி, டீ வரப் போவுது" என்றாள் செல்வகனி.

அவள் படித்த காலத்தில் இது மூன்று வருடப் படிப்பு. தாளை மடித்து ஃபாரமாக்கவும், ஃபாரங்களை அடுக்கித் தைக்கவும் ஆறு மாதத்தில் வந்துவிடும். மீதிக் காலம் முழுக்க, கை தனக்கென்று ஒரு நடையைக் கண்டுபிடித்து அதில் நிலைப்பதற்கு. அந்த நடை நிலைத்த பிறகுதான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஆனால் திரையில் தெரியும் எதையும் யாரும் நம்புவதில்லை என்றானபோது, தாலுகாவுக்குப் பத்து பைண்டர்கள் உடனே தேவைப்பட்டார்கள். மூன்று வருடம் காத்திருக்க ஆளுமில்லை, அரசுக்குப் பொறுமையுமில்லை. அப்போதுதான் உறை வந்தது. மெல்லிய ரப்பர் கையுறை மாதிரி இருக்கும். பதிவான கை எப்படி அசைந்ததோ அப்படியே போட்டவரின் விரல்களை அசைத்து, இரண்டு வாரத்தில் நரம்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. பதிவுக்கு செல்வகனியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்த வாரம் விடுப்பில் போகாமல் இருந்த பைண்டர் அவள்தான்.

அதன்பிறகு மூன்று வருடப் படிப்புக்கு விண்ணப்பம் வரவில்லை. அதை மூடவுமில்லை, கேட்பாரில்லாமல் பலகையில் மட்டும் இருந்தது. கூடத்தில் ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் செல்வகனி இருந்தாள்.

அவளுடைய உண்மையான வேலை பின்னறையில். மழைக்காலம் முடிந்ததும் தாலுகாக்களிலிருந்து புத்தகங்கள் பழுது பார்க்க மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். ஈரத்தில் தாள் ஊதும்போது, இறுக்கி இழுத்த நூல் மடிப்பை அறுத்துவிடும். அறுத்தவை எல்லாம் அவள் தையல்கள்தான், அவள் தைக்காதவை. பதிவு செய்த வயதில் அவள் அப்படித்தான் இழுப்பாள். இறுக்கம்தான் பலம் என்று நம்பிய வயது. எட்டு வருடமாக ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்து, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவள் விரல்கள் தெரிந்துகொண்டன. வழக்கு வந்தால்தான் பெட்டியில் வைப்பார்கள் என்பதால், அவள் பழுது பார்த்தவற்றை யாரும் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது அவள் தைத்த புத்தகத்தை மேஜையில் வைத்துத் திறந்தால், களைத்துப் போனவர் கட்டிலில் சாய்வது போல இரண்டு பக்கமும் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

அதைக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கவும் பார்த்திருக்கிறாள். "கொஞ்சம் தளர்வா விடு" என்பாள். "விடத்தான் பாக்கேன்க்கா, கை விட மாட்டேங்குது" என்பார்கள்.

டீ வந்த நேரத்தில் அந்தோணிமுத்துவும் வந்தார். முதல் அணியில் உறை போட்டவர். அதற்கு முன் இருபது வருடம் லாரி ஓட்டினார். லாரிகள் தாமே ஓடப் பழகிக்கொண்டதும் கீழே இறங்கினார். இப்போது ஒரு தாலுகாப் பதிவகத்தில் பைண்டர். செல்வகனியைவிடப் பத்து வயது மூத்தவர்; ஆனாலும் "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

"டீச்சரம்மா, நம்ம மாட்டிக்கிட்டோம்."

"நம்மன்னா யாரு அண்ணாச்சி?"

"நானும் நீயும். சரியாச் சொன்னா, நீயும் நீயும்." அவள் டம்ளரிலிருந்து பாதியைத் தனக்கு ஊற்றிக்கொண்டார். "ஒரு கம்மாய் வழக்கு. சாட்சி சொன்ன பெரியவர் செத்துப் போய்ட்டார். அவர் வாக்குமூலத்துல ஒரு பக்கத்த எவனோ மாத்திட்டான். பெட்டிக்குள்ள வச்சுப் பாத்தா, மொதல்ல தைச்சதும் செல்வகனி கை, பிரிச்சுத் தைச்சதும் செல்வகனி கை. நடுவுல ஒரு மாறுதலும் இல்லைங்குது."

"அப்புறம் மாத்துனது எப்படித் தெரிஞ்சுது?"

"பேரனுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். சின்ன வயசுல இருந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாராம் தாத்தா. கோர்ட்டுல எந்திரிச்சு நின்னு, எங்க தாத்தா இப்படிச் சொல்லலைன்னுட்டான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க இல்லையே?"

"நான் இல்லம்மா. ஆனா நான் இல்லைன்னு என் கை சொல்ல மாட்டேங்குதே."

மறுநாள் பயிற்சித் துறையிலிருந்து துணை இயக்குநர் ரஹ்மத் நிஷா வந்தார். நோக்குபெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். உறை வருவதற்கு முன்பே துறையில் சேர்ந்தவர். சேர்ந்த நாள் முதல் தூங்காதவர் போன்ற முகம். அந்தோணிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார். பின்னறையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிக்கிறது போலீஸ் வேலை. நான் அதுக்கு வரல, செல்வகனி. கோர்ட் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. பதிவேட்டுல உள்ள ஒவ்வொரு கைக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கணும். மத்தவங்க அந்தக் கையை வாங்கிப் பயன்படுத்துறவங்க. சொந்தக்காரர் நேர்ல தைச்சுக் காட்டி, பதிவோட பொருந்துச்சுன்னா, முந்நூறு பேரோட உரிமமும் தொடரும்."

"பொருந்தலைன்னா?"

"அது சொந்தக்காரர் இல்லாத கை. எல்லா உரிமமும் போயிரும். அவங்க இதுவரை தைச்ச புத்தகமும் செல்லாது." நிஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் நடக்காது. உங்க கை, நீங்க தைக்கப் போறீங்க. அஞ்சு நிமிச வேலை."

செல்வகனி நாலு ஃபாரங்களை எடுத்து அடுக்கினாள். நூலில் மெழுகு தடவினாள். தைத்தாள், கடித்தாள். நிஷா அதைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி கொஞ்சம் முனகியது. பிறகு அதன் நெற்றியில் எழுத்து வந்தது: பொருந்தவில்லை.

"பதட்டமா இருப்பீங்க. இன்னொரு தடவை."

மறுபடி தைத்தாள். பொருந்தவில்லை. இறுக்கி இழுத்துத் தைத்தாள். முன்னைவிடத் தூரமாகப் போய்விட்டது. வேண்டுமென்று இழுக்கும் இறுக்கம் வேறு, தெரியாமல் இழுத்த இறுக்கம் வேறு என்று பெட்டிக்குத் தெரிந்திருந்தது.

"நான் ஒண்ணு தைக்கேன்" என்று அந்தோணிமுத்து ஊசியை வாங்கினார். பேசிக்கொண்டே, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே தைத்தார். பெட்டி முனகக்கூட இல்லை. நெற்றியில் எழுத்து மட்டும் வந்தது: செல்வகனி, முழுப் பொருத்தம்.

செல்வகனிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க என்னைவிட நானா இருக்கீங்க அண்ணாச்சி."

"எனக்கு வேண்டாம்மா, நீயே வச்சுக்க" என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை.

நிஷா அவள் தைத்த ஃபாரங்களைக் கையில் எடுத்துத் திறந்தார். திறந்தது திறந்தபடி படுத்திருந்தது. அந்தோணிமுத்து தைத்தது, திறந்தால் மூடிக்கொள்ளப் பார்த்தது. "இது நல்லா இருக்கே" என்றார் நிஷா, தனக்குள் சொல்வது போல.

"அப்ப இந்தக் கையைப் புதுசாப் பதிவு பண்ணுங்க" என்றார் அந்தோணிமுத்து. "மழைக்கும் கிழியாது. எங்களுக்கெல்லாம் இதைப் போட்டுவிடுங்க."

"போடலாம். போட்ட அன்னைக்கு, நீங்க எட்டு வருசமா தைச்ச புத்தகத்துக்கெல்லாம் ஆள் இல்லாமப் போயிரும். லட்சம் பேரோட பத்திரம் அதுல இருக்கு. கோர்ட்டுக்கு நல்ல கை வேண்டாம் அண்ணே. மாறாத கைதான் வேணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. சொந்தக்காரர் உறை போடக் கூடாதுன்னு விதி எங்கயும் இல்ல."

செல்வகனிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"என் கையை நானே படிக்கணுமா மேடம்?"

"இரண்டு வாரம். அப்புறம் வந்து தைச்சுக் காட்டினா முடிஞ்சுது. உங்க உரிமமும் இருக்கும், எல்லாரோடதும் இருக்கும்."

"இப்ப இருக்கிற கை?"

நிஷா பெட்டியின் மூடியைச் சாத்தத் தொடங்கினார். நல்ல மனுஷி, பொய் சொல்ல வராது.

அவர் போன பிறகு அந்தோணிமுத்து வெகுநேரம் கிளம்பாமல் இருந்தார். கிழிந்த புத்தகங்களை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். உறையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் கேட்பார் என்று செல்வகனி காத்திருந்தாள். கேட்டிருந்தால் மறுத்துப் பேசியாவது பார்த்திருப்பாள்.

"இது நான் தைச்சது" என்றார் கடைசியில், ஒன்றைத் தூக்கிக் காட்டி. "அட்டையில காலிகோ துணி ஒட்டினது நான். எனக்குத் தெரியும், இந்த மூலையில கொஞ்சம் பசை வழிஞ்சிருக்கும். ஒட்டுறது மட்டும்தான் என் சொந்த வேலை. அதை உறையில சேக்க மறந்துட்டாங்க." பசை காய்ந்த மூலையைக் கட்டைவிரலால் தடவினார். "லாரில போவும்போது இன்ன லாரி இன்னார் ஓட்டுறதுன்னு தூரத்துலயே சொல்லிருவோம். திரும்புற விதத்துல தெரியும். நான் நல்ல டிரைவர் இல்ல டீச்சரம்மா. இருந்தாலும் நான்னு தெரியும்."

"உரிமம் போனா எங்க போவீங்க?"

"எங்க போவேன். கோமுவோட சேந்து வரிசையில நிக்க வேண்டியதுதான். அடுத்து எதுக்கு உறை வருதோ." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நீ போடாதன்னு சொல்லத்தான் இருந்தேன். சொல்ல வாய் வரல. வீட்ல அரிசி வாங்கணும்லா."

செல்வகனி பிரயத்தனப்பட்டு முடிவெடுக்கவில்லை. யோசித்துப் பார்க்கக் களைப்பாக இருந்தது; யோசித்தாலும் ஒரு பக்கத்தில் முந்நூறு வீடு இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் ஐம்பது பேர் மத்தியில், கோமுவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உறையை மாட்டினாள். பயிற்றுநர் நாற்காலி காலியாகக் கிடந்தது. விதிப்படி அது தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

உறை அவளிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அதுதான் கொடுமை. மற்றவர்கள் முதல் நாள் விரல் பிடிவாதம் பிடிக்கிறது, வலிக்கிறது என்பார்கள். அவளுக்கு எங்கேயும் வலிக்கவில்லை. பல வருடம் கழித்துப் பழைய வீட்டுக்குப் போனால் இருட்டிலும் சுவிட்சு இருக்கும் இடத்துக்குக் கை போகுமே, அப்படிப் போயிற்று. பதிவான அன்றைய முப்பத்தாறு வயதுக் கை உள்ளே வந்து, தனக்குப் பின்னால் வந்தவற்றை எல்லாம் ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நாளாக ஆக வேகம் கூடியது. கைக்கு அலுப்பே இல்லை. அலுப்பு முழுக்க அவளுக்கு மட்டும் வந்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் கோமு.

"அந்த முப்பத்தாறு வயசுக்காரிக்கு என்ன அவசரம்னு தெரியல" என்றாள் செல்வகனி.

இரண்டு வாரத்துக்குப் பின் தைத்துக் காட்டியது முழுப் பொருத்தம். முந்நூறு உரிமங்கள் தொடர்ந்தன. கம்மாய் வழக்கில் பக்கத்தை மாற்றியது யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தேகிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடியதுதான் மிச்சம்.

அந்த வருடம் மழைக்குப் பிறகும் மூட்டைகள் வந்தன. பின்னறையில் அவள் முதல் புத்தகத்தைப் பிரித்து, ஊசி கோத்து, மூன்றாவது ஃபாரத்துக்கு வந்தபோது நூல் மடிப்பை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதோ இங்கே, என்று வாய்விட்டுச் சொல்லவும் முடிந்தது. கை இழுத்தது. "விடத்தான் பாக்கேன், விட மாட்டேங்குது" என்று அவள் வாயிலிருந்தே வந்தது.

உறை வலது கைக்கு மட்டும்தான் செய்திருந்தார்கள். இடது கை ஃபாரத்தைத் திறந்து பிடிப்பதோடு சரி. அதில் பதிவு செய்ய ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். அன்று அவள் ஃபாரத்தை வலது கையில் கொடுத்தாள். ஊசியை இடது கைக்கு மாற்றினாள். இடது கைக்கு ஊசியைப் பிடிக்கவே தெரியவில்லை. தாளில் குத்த வேண்டியது விரலில் குத்தியது. ஒரு சாயங்காலம் முழுக்க இரண்டு ஃபாரங்கள், அதுவும் கோணல்.

அந்தோணிமுத்து ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, மாட்டு வண்டி போன தடம் மாதிரி இருக்கு."

"தைக்கேன் அண்ணாச்சி."

"யார் கையில?"

"தெரியல. இனிமேதான் பாக்கணும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் இடது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். கியர் மாற்றிய கை. கியர் கம்பியின்மேலேயே இருபது வருடம் கிடந்த கை. "எவ்வளவு நாளாகும்?"

"நாங்க படிச்சப்ப மூணு வருசம்."

"அது சின்ன வயசுல. எனக்கு அதுக்குள்ள பாடை கட்டிருவாங்க" என்று சொல்லி, ஊசிக்குக் கை நீட்டினார்.

பல மாதம் கழித்து ஆய்வுக்கு வந்த ரஹ்மத் நிஷா, பின்னறை மேஜையில் இரண்டு சிறு தாள்கட்டுகள் கிடப்பதைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார். பதிவில் இல்லாத கை. மற்றதை வைத்தார். பதிவில் இல்லாத கை. இரண்டையும் சேர்த்து வைத்தார். வெவ்வேறு கைகள்.

அந்தோணிமுத்து இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"எட்டு ஒன்பது வருசத்துல ஒரு புதுக் கைகூட இந்த மாவட்டத்துல வரல" என்றார் நிஷா. குரல் இறங்கியிருந்தது. "இது யார் யாரோடதுன்னு நான் கேக்கல. பதிவேட்டுல ஏத்திரட்டுமா? ஏத்தினா உங்க பேர்ல தனியா இருக்கும், செல்வகனி. வேற யாருக்கும் போகாம நான் பாத்துக்கறேன்."

அவரால் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் மனதாரத்தான் சொன்னார்.

செல்வகனி அலமாரியைத் திறந்து, போன மாதம் தைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்து, மேஜையில் கிடந்த இரண்டில் ஒன்றைச் சுட்டினாள். "இதையும் அதையும் சேத்து வச்சுப் பாருங்க மேடம்."

நிஷா வைத்தார். வெவ்வேறு கைகள்.

"இது யாரு?"

"நான்தான். அதுவும் நான்தான்."

நிஷா பெட்டியை அணைத்தார். "எப்ப நிலைக்கும்?"

"தெரியல மேடம்" என்றாள் செல்வகனி. வலது கை ஊசியை வாங்கிக்கொள்ள எழுந்தது. அவள் அதை மெல்ல இறக்கி, ஃபாரத்தைப் பிடிக்க வைத்தாள். "இன்னும் படிச்சுக்கிட்டிருக்கு."